முள்ளுக்காட்டு நடை: கிண்டியும் குடியமும்

சாந்தோம் பேராலயத்து வாசலில் ஆட்டோ ஏறினால், நெரிசல் தொடங்காத காலை நேரத்தில் அரைமணிக்குள் ஒரு தேசியப் பூங்காவின் வேலியோரம் இறங்கிவிடலாம். மும்பையின் போரிவலியை விட்டால், இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய இந்தியப் பெருநகரங்கள் குறைவு. ஆனாலும் கிண்டிக்குப் போய்வந்தவர்களில் பாதிப்பேர் "மான் பார்த்தோம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், மீதிப்பேர் "அதெல்லாம் காடா? வெறும் புதருங்க" என்பார்கள். இந்த அத்தியாயம் அந்தப் புதரைப் பற்றியது.

மலைக்காட்டில் அண்ணாந்து பார்த்து நடக்கிறோம். முள்ளுக்காட்டில் குனிந்து பார்த்து நடக்க வேண்டும். யானை, காட்டெருமை என்று எதிர்பார்த்து வருகிறவருக்கு இங்கே ஏமாற்றம்தான். ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் மட்டும் நகர்ந்து, தரையையும் இலையின் அடிப்பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை உள்ளவருக்கு ஊருக்குள் இதைவிட நல்ல காடு கிடையாது. கிண்டியில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் மலைக்குப் போனால், கிண்டியில் கண்ட செடிகளில் பலவும் அங்கே கரடுமுரடான கல்தரையில் நிற்பதைக் காணலாம். நேரே குடியத்துக்குக் கிளம்பினால் வெயிலும் கல்லும்தான் நினைவில் நிற்கும். எனவே இதே வரிசையில் போய்வாருங்கள்.

இந்தக் காடு எப்படிப்பட்டது

சென்னை மண்ணின் சொந்தக் காடு நெடுமரக் காடு அல்ல. சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு பட்டையாக ஓடிய குட்டை மரக் காடு அது. தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபரில் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்குப் பின் மாதக்கணக்கில் வெயிலும் உப்புக்காற்றும்தான். அப்படியிருந்தும் இந்த மரங்களில் பல, இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும். தண்ணீர் ஆவியாகிவிடாமல் இருக்க இலை சிறுத்து, தடித்து, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும். கொஞ்சி என்னும் செடியின் ஓர் இலையையும் ஒரு வேப்பிலையையும் விரலால் தடவிப் பாருங்கள். வித்தியாசம் உடனே பிடிபடும்.

இன்று இந்தக் காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. பல துண்டுகள் பிழைத்ததே, சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காததால்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அதற்கு நல்ல உதாரணம். அதை ஐயனார் காத்தார். கிண்டியைக் காத்தது வெள்ளைக்கார கவர்னர்களின் வேட்டை ஆசை. 1821-ல் அன்றைய அரசு இந்தத் தோட்டக்காட்டை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் காப்புக்காடு ஆனபோது பரப்பு 500 ஹெக்டேருக்குச் சற்று மேல். விடுதலைக்குப் பிறகு காந்தி மண்டபம், ஐ.ஐ.டி., ராஜாஜி நினைவிடம், காமராஜர் நினைவிடம் என்று ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்ததுபோக, மிஞ்சியது ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். 1978-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அந்தச் சின்ன இடத்துக்குள் 350-க்கு மேற்பட்ட தாவர வகைகளும் 130-க்கு மேற்பட்ட பறவை வகைகளும் பதிவாகியிருக்கின்றன.

முதல் பாடம் வீட்டுக்குப் பக்கத்தில்

சாந்தோமிலிருந்து தெற்கே, பட்டினப்பாக்கத்தைத் தாண்டி அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது தொல்காப்பியப் பூங்கா. ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிய இடம். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர் உதவியோடு மீட்டெடுக்கப்பட்டு, முதலில் 58 ஏக்கர் 2011-ல் திறக்கப்பட்டது. இங்கே நட்டிருப்பது இந்தக் கரைக்கே உரிய மரங்களை. அதனால் செடி பழகுவதற்குக் கிண்டியைவிட இது வசதி. அனுமதி விதிகளும் நேரமும் அவ்வப்போது மாறுகின்றன என்பதால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கழிமுகத்துச் சேற்றில் வக்காவும் கொக்கும் நிற்பதை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது செடியை. சங்கஞ்செடியைத் தேடுங்கள். வெளிர்ப்பச்சைச் செடி. ஒவ்வொரு கணுவிலும் நான்கு முள், நாலு திசைக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து விடத்தேரை. பூத்திருந்தால் தவறவே விடமாட்டீர்கள். தொங்கும் ஒரே பூங்கொத்தின் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். களாச்செடியை ஊறுகாய் பிரியர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அதன் முள்ளை மட்டும் பார்த்துவையுங்கள். கிளைக்குக் கிளை கவையாக, துணியைத் துளைக்கும் கூர்மையோடு இருக்கும். இந்த மூன்றையும் அடையாளம் தெரிந்துகொண்டவர் எந்த முள்ளுக்காட்டிலும் தொலைந்துபோன உணர்வோடு நிற்கமாட்டார்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் வாழ்ந்தது எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை விடாமல் எழுதினார். புலியையும் யானையையும் காட்டில் படமெடுத்த அதே மனிதர், வீட்டுக் கொல்லைப்புறத்து அணிலையும் காக்கையையும் அதே அக்கறையோடு பார்த்து எழுதியிருக்கிறார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். கிண்டிக்குப் போகுமுன் அதைப் படித்துவிடுங்கள்; எந்தக் கள வழிகாட்டியும் கற்றுத்தராத ஒன்றை, அதாவது பார்க்கும் பொறுமையை, அது கற்றுத்தரும்.

கிண்டிக்குள் போவது எப்படி

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 'கிண்டி தேசியப் பூங்கா' என்று செயலியில் போட்டுக்கொண்டு போனால், வண்டி உங்களைச் சிறுவர் பூங்கா வாசலில் கொண்டு நிறுத்தும். டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் போகலாம் என்பது அதற்கு மட்டும்தான். அது காட்டின் விளிம்பில் உள்ள விலங்குக் காட்சியகம். புதுப்பிக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. 1970-களின் தொடக்கத்திலிருந்தே, ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய காலம்தொட்டு, பாம்பைக் கண்டு அலறும் ஊருக்குப் பாம்பைப் புரியவைக்கிற இடம். இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

உள்காடு வேறு. அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் காலடி வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் வனப் பணியாளர் கூடவே வருவார். தனியாளாக விண்ணப்பிப்பதைவிட ஒரு குழுவோடு சேர்ந்து போவது நடைமுறையில் எளிது. 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளில் உறுப்பினராகிவிட்டால், அனுபவசாலிகளோடு நடக்க வாய்ப்பு வரும். கல்லூரி விலங்கியல், தாவரவியல் துறைகளும் மாணவர்களுக்காக அனுமதி வாங்குவதுண்டு. பெற்றோர் கேட்டுப்பார்க்கலாம்.

அனுமதி கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தாண்டி காந்தி மண்டபம் சாலையில் நடந்தால், சர்தார் பட்டேல் சாலையைக் கடந்து காந்தி மண்டபத் தோட்டம். காலை ஆறரைக்குள் போய்விட்டால், பின்பக்க வேலியோரம் நின்றே பாதிக் காட்டைக் காதால் கேட்டுவிடலாம். ஐ.ஐ.டி. வளாகத்திலும் மான் திரிகிறது என்பது உண்மை. ஆனால் அது சுற்றுலாத்தலம் அல்ல, உள்ளே தெரிந்தவர் இருந்தாலொழிய அந்த வாசலில் காவலரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

என்ன பார்ப்பது

இரண்டு மான்களையும் பிரித்தறிவதில் தொடங்கலாம். புள்ளிமானுக்குக் கிளைத்த கொம்பு. ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். வெளிமானுக்கு முறுக்கிய, கிளையில்லாத கொம்பு. ஆயுளுக்கும் அது ஒன்றுதான். வயது வந்த வெளிமான் கிடா மேலே கறுத்து, வயிறு வெளுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருக்கும். பெட்டை மணல் நிறம். புள்ளிமான் மரநிழலை விரும்பும்; வெளிமானுக்குப் புல்வெளி வேண்டும், நாலாபக்கமும் கண்ணுக்கு எட்ட வேண்டும், ஓட இடம் வேண்டும். கிண்டியில் அந்தப் புல்வெளி போலோ மைதானம்தான். கவர்னர் காலத்தில் போலோ ஆடிய அந்தத் திடலில் புதர் ஏற ஏற, வெளிமானுக்கு இடம் சுருங்குகிறது. காடு அடர்ந்தால் எல்லா விலங்குக்கும் நல்லது என்று நினைத்து, கண்ட இடத்தில் மரக்கன்று நடக் கிளம்புகிற தன்னார்வலர்கள் ஒருமுறை இந்தத் திடலின் ஓரத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

விலங்கைக் காணாவிட்டாலும் அதன் கணக்கு தரையில் இருக்கும். ஒரே இடத்தில் குவியலாக, புதிதும் பழையதுமாகக் கலந்து கிடக்கும் புழுக்கை, பெரும்பாலும் வெளிமான் கிடாவின் எல்லைக் குறி. தன் இடத்தை அறிவிக்க அது திரும்பத் திரும்ப அங்கேயே வந்து போடும். புள்ளிமான் அப்படியில்லை, மேய்ந்துகொண்டே சிதறவிடும். பழக்கொட்டை நிறைந்த எச்சம் பாறை மேலோ பாதை நடுவிலோ கிடந்தால், நரியோ மரநாயோ இரவில் போயிருக்கிறது. இனி மரங்களைப் பாருங்கள். தழைகளின் அடிப்பகுதி ஒரே உயரத்தில் கத்தரித்தமாதிரி இருக்கும். மான் பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்றால் வாய் எட்டுகிற உயரம் அது. அந்தக் கோட்டுக்குக் கீழே பச்சையாக எஞ்சியிருப்பவை, மான் தொடாத செடிகள் மட்டுமே.

கொஞ்சியும் காட்டெலுமிச்சையும் அப்படி எஞ்சுபவை. இரண்டும் எலுமிச்சைக் குடும்பம். இலையைக் கசக்கினால் வாசம் வரும். அந்த வாசத்தைத் தேடி வருவது கறிவேப்பிலை அழகி என்கிற கறுப்பு வண்ணத்துப்பூச்சி. கொஞ்சிச் செடியின் தளிர் இலைகளை நிதானமாகப் புரட்டினால் அதன் இளம் புழு கிடைக்கும்: கறுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, இலைமேல் விழுந்த பறவை எச்சம் என்று நினைத்துக் கண்ணை எடுத்துவிடும்படி. பறவை அப்படி நினைக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடும். குச்சியால் தொட்டால் தலைப்பக்கத்திலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை வெளியே தள்ளி, ஒரு நெடியை விடும். ஒருமுறைக்கு மேல் தொந்தரவு செய்யாதீர்கள்.

குழந்தைகளோடு போனால் குழியானையைக் காட்டுங்கள். சுவரோரம், மழை படாத பொடிமண்ணில் புனல் வடிவக் குழிகள் வரிசையாக இருக்கும். ஒரு எறும்பு விளிம்பில் சறுக்கியதும், அடியிலிருந்து மண்ணை வாரி எறிந்து அதைக் கீழே இழுக்கும் பூச்சியைப் பார்த்துவிட்டால், பிள்ளைகள் மானை மறந்துவிடுவார்கள்.

பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து அக்டோபர் வாக்கில் வந்து சேரும். நெடும்பயணத்தில் களைத்து, மொட்டைமாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழுந்து கிடப்பதைத் தென்சென்னைக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் கண்டெடுக்கிறார்கள். அப்படிக் கண்டால் ஓட்டையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சும்மா விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டால் மரமுள்ள இடத்தில் திறந்துவிடலாம், அடிபட்டிருந்தால் கிண்டி வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காட்டில் அது இருப்பது புதரடிச் சருகில். செந்தலைப் பூங்குருவியும் அங்கேதான். சருகு புரளும் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். அணில் என்றால் சத்தம் தொடர்ந்து ஓடும். பூங்குருவி என்றால் ஒரு புரட்டல், ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு புரட்டல். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வலசை வந்த பறவை தீனி தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் கழிக்கும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42. பத்து மடங்கு பெரிதாக்குவது புதர்க்காட்டில் உதவாது; பறவை பத்தடியில் இருக்கும், கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். புத்தகத்துக்கு ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' போதும்.

காத்தான்கொல்லைக் குளம், அப்பளம் குளம் என்று இரண்டு பெரிய குளங்கள் உள்ளே இருக்கின்றன. மழை நின்ற பிறகு டிசம்பர், ஜனவரியில் நிறைந்திருக்கும். உங்கள் நடையைத் திட்டமிடுவது உங்கள் கையில் இருந்தால் அங்கே அரைமணி உட்காரக் கேளுங்கள்.

குரங்குகளைப் பற்றி ஒரே வரி: கையில் தின்பண்டம், பிளாஸ்டிக் பை இரண்டும் கூடாது.

கரடுமுரடுக்குக் குடியம்

கிண்டி தட்டைத் தரை. ஏறி இறங்கி, மூச்சு வாங்க நடக்க வேண்டுமென்றால், சாந்தோமிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போக வேண்டும். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் ரயிலில் திருவள்ளூர். மந்தைவெளியிலிருந்து வருகிறவர்கள் பறக்கும் ரயிலில் பூங்கா நகரில் இறங்கினால் போதும். திருவள்ளூரிலிருந்து சாலை வழியாகப் பூண்டி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த அந்த ஏரிக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். நீங்கள் சாந்தோமில் குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். ஏரிக்கு அப்பால் அல்லிக்குழி மலைத்தொடர். அதன் மடிப்புக்குள் குடியம் கிராமமும், அதற்கும் உள்ளே பாறைக் குகைகளும்.

இது தேசியப் பூங்கா இல்லை, காப்புக்காடு. ஆனால் அனுமதி விஷயத்தில் விட்டுக்கொடுப்பு கிடையாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்கள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வகுத்தது. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. குடியம் குகைப் பாதை அதில் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால், உள்ளூர்க்காரர்களிலிருந்தே பயிற்சி கொடுத்துத் தேர்ந்தெடுத்த வழிகாட்டி கூட வருவார். கோடையில் தீ அபாயம் கருதிப் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். திறந்திருந்தாலும் மார்ச்சுக்கு மேல் போகச் சொல்லமாட்டேன். திருவள்ளூர் வெயில் எத்தனை நல்ல தொப்பியையும் மதிக்காது.

தரை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிக் கஷ்டம் குறையும். பாதையெங்கும் கோழிமுட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டைக் கற்கள். காலடியில் உருளும். எனவே ஓட்டத்துக்கான மெல்லிய ஷூ உதவாது. கணுக்காலை மூடும், அடிப்பாகம் கெட்டியான ஷூ வேண்டும். இறங்கும்போது குதிகாலை ஊன்றாமல், பாதம் முழுவதையும் பதித்து, சிறு எட்டுகளாக வையுங்கள். ஒரு கைத்தடி இருந்தால் முட்டி உங்களுக்கு நன்றி சொல்லும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். வழியில் கடை எதுவும் இல்லை. வியர்வை நிறைய வழிபவர்கள் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உருண்டைக் கல் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை குகையில் இருக்கிறது. கூரையை அண்ணாந்து பாருங்கள். அதே கற்கள் பாறைக்குள் பதிந்து நிற்கும். ஏதோ ஒரு பழைய ஆறு உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கிக் குவித்த கல், மண்ணோடு இறுகிப் பாறையாகி, இப்போது மறுபடி உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆதிமனிதனுக்கு இது கைக்கு எட்டிய மூலப்பொருள். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததென்று அன்றுதான் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு அவர் வந்து சேர்ந்தது இந்தப் பக்கத்து அத்திரம்பாக்கத்துக்கு. அங்கே சாந்தி பப்புவின் குழு அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. குடியம் குகைகளிலும் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. போகும் வழியில் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் இறங்கி, கைக்கோடரி எப்படியிருக்கும் என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு பாதையில் ஒரு கல்லைக் கண்டு சந்தேகம் வந்தால் இருந்த இடத்திலேயே படமெடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். பையில் போடுவது சட்டவிரோதம். அதோடு, இடம் பெயர்ந்த கல் ஆய்வாளருக்கு எதையும் சொல்லாது.

குகைக் கூரையில் பெருந்தேனீயின் அடை தொங்கும். அங்கே கத்துவதோ, கைதட்டி எதிரொலி கேட்பதோ, சிகரெட் பற்றவைப்பதோ, அத்தர் பூசிக்கொண்டு வருவதோ எல்லாருக்கும் ஆபத்து. தேனீ கலைந்தால் கையை வீசாதீர்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்த வழியே ஓட்டமாக ஓடுங்கள்.

முள், பாம்பு, உண்ணி

முள்ளில் மோசமானது சூரை. கொடியாகப் படர்ந்து பாதைக்குக் குறுக்கே தொங்கும். முள் குட்டையாக, பின்னோக்கி வளைந்து இருக்கும். சட்டையில் மாட்டியதும் கை தன்னால் முன்னோக்கி இழுக்கும். இழுத்தால் அடுத்த முள்ளும் மாட்டும், தோலும் கிழியும். வழிகாட்டிகள் "சார், இழுக்காதீங்க, ஒரு எட்டு பின்னாடி வாங்க" என்பார்கள். அதுதான் வழி. பின்னால் வந்தால் கொக்கி தானாகக் கழன்றுகொள்ளும். ஜீன்ஸைவிடக் கெட்டியான பருத்தி முழுக்கால்சட்டை நல்லது. ஒரு சின்ன இடுக்கி பையில் இருக்கட்டும்.

கற்காட்டில் கவனிக்க வேண்டிய பாம்பு சுருட்டை விரியன். ஒரு முழத்துக்குச் சற்று மேல்தான் நீளம், கல்லின் நிறம், கல்லிடுக்கில் படுத்திருக்கும். கல்லின்மேல் உட்காருமுன் அதன் அடியையும் பக்கத்தையும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை வைத்து ஏறாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கி வந்து, 108-ஐ அழைத்து, நேரே அரசு மருத்துவமனைக்கு. நஞ்சுமுறி மருந்து அங்கே இருக்கும். அந்த மருந்து தயாரிக்க வேண்டிய நஞ்சை, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து எடுத்துத் தருகிறது.

பாம்பைவிட நான் அதிகம் எச்சரிப்பது உண்ணிக்குத்தான், ஏனென்றால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மான் நடமாடும் இடத்தில் உண்ணி இருக்கும். அதைவிடச் சின்னதாக, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி ஒன்று புதர்ப் புல்லில் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது அதுதான். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர்மாதங்களிலும், அதாவது நடைக்கு ஏற்ற அதே மாதங்களில்தான், இந்தக் காய்ச்சல் கூடுகிறது. கால்சட்டையின் அடியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்லில் உட்காருவதாக இருந்தால் விரிப்பு வேண்டும். வீடு திரும்பியதும் முதல் வேலையாக, சோபாவில் சாய்வதற்கு முன்னால், துணி முழுவதையும் கழற்றி வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்பு தேய்த்துக் குளியுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். கடித்துக்கொண்டிருக்கும் பெரிய உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது வேண்டாம்.

ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்தால் டெங்கு, டைபாய்டு என்று தேடுவதோடு நின்றுவிடக்கூடாது. உடம்பில் எங்காவது வலியில்லாத, கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சில பேருக்கு இருக்காது; இல்லையென்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகிற நோய். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும், அவர் கேட்காவிட்டாலும், இத்தனாம் தேதி புதர்க்காட்டில் நடந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.